கொள்ளைநோய் நாட்களில் மாணவர் தொண்டு

இப்பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டுமென மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோயில் எழும்பிய வரலாறும், மணிக்கூண்டு கட்டிய வரலாறும், இப்பங்கில் பணிபுரிந்த குருக்களின் வரிசையும் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெறுகின்றன. எனவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். விழாக் குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியே அதற்குக் காரணம்.

பொன்விழா ஆண்டின் நினைவாக, நம் பங்குப் பள்ளி மாணவ மாணவியரைக் கொண்டு ஊருக்குப் பயன்படும் தொண்டு ஒன்றைத் தொடங்கலாம் என்று ஆசிரியை ஒருவர் அக்கூட்டத்தில் முன்மொழிந்தார். பலரும் தலையசைத்தனர். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்தார். "சாமி, புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வருதுங்களா, ஊர் வேலை செய்ய வருதுங்களா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கேள்வியை நாம் முன்பே ஒரு தாயின் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் உதவிப் பங்குக்குருவாய் இருந்தோம். குருப்பட்டம் பெற்ற புதிது. எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும் என்னும் ஆவல். ஊருணியைத் தூர்வாரும் பணிக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவரை அழைத்துச் சென்றோம். கொடி பிடித்து, பாட்டுப் பாடி, நிழற்படமும் எடுத்துக்கொண்ட பின்னரே பிள்ளைகளைச் சேற்றில் இறக்கினோம். கால் மணி நேரம் சென்றிருக்கும். உடைந்த பாட்டில் துண்டு ஒரு சிறுவனின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. ஏழு தையல் போட வேண்டியதாயிற்று. செய்தி கேட்டு ஓடிவந்த அவன் தாய் நம்மைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "சாமி, எம்புள்ளைய எறக்குறதுக்கு முன்னால நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

நாம் இறங்கிப் பார்க்கவில்லை. அதை அன்று அத்தாயிடம் ஒப்புக்கொண்டோம். இன்று இப்பக்கத்திலும் ஒப்புக்கொள்கிறோம். அதன் பிறகு, மாணவர் தொண்டின் வரலாற்றில் நாம் எதைப் படித்தாலும் அத்தாயின் கேள்வியோடுதான் படித்து வருகிறோம். அவ்வாறு படித்தவற்றுள் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது 1854ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் தூரின் நகரில் நடந்த நிகழ்ச்சி. அதைப் பங்கு மக்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால்தொக்கோ இல்லம்

அந்நாளில் தூரின், சார்தீனிய அரசின் தலைநகர். அரண்மனையும் அகன்ற வீதிகளும் நகரின் நடுவே. நகருக்கு வடபுறம், தோரா என்னும் ஆற்றையொட்டிய தாழ்வான பகுதியில் ஏழைகளின் குடியிருப்புகள். நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் கட்டட வேலைகளிலும் பட்டறைகளிலும் கூலிக்கு உழைத்தனர். படிப்பில்லை, பலருக்குப் பெற்றோருமில்லை. இவர்களுக்காகவே தொன் போஸ்கோ எனப்படும் ஜான் போஸ்கோ அடிகளார், 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வால்தொக்கோ என்னும் அப்பகுதியில் ஒரு கொட்டகையைக் கோயிலாக்கித் தம் பணியை நிலைப்படுத்தினார். அடுத்த ஆண்டிலிருந்து வீடற்ற பிள்ளைகள் அங்கேயே தங்கினர். அடிகளாரின் தாயார் மார்கரீத்தா அம்மையார் தம் கிராமத்து வீட்டைவிட்டு வந்து அவர்களுக்குச் சமைத்தும் துணி தைத்தும் தாயாய் இருந்தார். 1853இல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும் அங்கே தொடங்கப்பெற்றன. சிலர் தொழில் கற்றனர். சிலர் இலத்தீன் பயின்றனர்.

நாம் சொல்லவரும் நிகழ்ச்சிக்கு ஆறு மாதங்களுக்கு முன், 1854 சனவரி 26ஆம் நாள் மாலையில், அடிகளாரின் அறையில் சிறு கூட்டம் ஒன்று நடந்தது. ரொக்கியெத்தி, அர்த்தீலியா, கலியெரோ, ரூவா என்னும் நான்கு இளைஞர் அதில் கலந்துகொண்டனர். இறைவனின் துணையோடு அயலார்க்கு அன்புப்பணி செய்யும் பயிற்சி ஒன்றைச் செயலளவில் தொடங்கிப் பார்ப்போம் என்று அடிகளார் அவர்களிடம் கூறினார். அதற்கு இசைந்தவர்களுக்குப் புனித பிரான்சிஸ் சலேசியாரின் பெயரால் 'சலேசியர்' என்னும் பெயர் இடப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு பெருஞ்சபையின் பெயர் அந்தச் சிறிய அறையில்தான் முதன்முதலாக ஒலித்தது. அன்று கலியெரோவுக்குப் பதினாறு வயது. ரூவாவும் பதினேழை எட்டவில்லை.

இந்தச் சனவரி மாதக் கூட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆகஸ்டு மாதத்து வீரம் திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு ஓர் ஆயத்தம் இருந்தது.

வாந்திபேதி வந்தது

1854 கோடையில் வாந்திபேதி என்னும் காலரா நோய் ஜெனோவா துறைமுக நகரைத் தாக்கியது. சூலை மாத இறுதியில் தூரினையும் எட்டியது. வசதி படைத்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு நாட்டுப்புறம் சென்றனர். அரச குடும்பத்தாரும் நகரை விட்டு அகன்றனர். ஏழைகள் எங்கே போவார்கள்? வால்தொக்கோ அடங்கிய போர்கோ தோரா பங்கில் ஒரே மாதத்தில் 800 பேர் நோயுற்றனர் என்றும், அவர்களுள் 500 பேர் மாண்டனர் என்றும் சலேசிய சபையின் பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. நவம்பர் மாதம் நோய் தணியும் முன் நகர் முழுவதிலுமாக ஏறத்தாழ 2500 பேரை அது பிடித்தது. அவர்களுள் ஏறத்தாழ 1400 பேர் மடிந்தனர்.

நோயைக் காட்டிலும் அச்சம் கொடியதாயிருந்தது. மருத்துவர்கள் ஏதோ நச்சு நீரைப் புகட்டி ஏழைகளைக் கொல்கிறார்கள் என்னும் வதந்தி தெருத்தெருவாய்ப் பரவியது. நோயுற்றவரைச் சொந்த உறவினரே கைவிட்டு ஓடினர். தனித்துவிடப்பட்டவர்கள் தாகத்தால் தவித்து, ஒரு வாய் தண்ணீர் தருவாரின்றி இறந்தனர். மாநகராட்சி தற்காலிக நோயகங்களைத் திறந்தது. ஆனால் அவற்றில் நோயாளரைத் தொட்டுத் தூக்குவதற்குக் கூலி கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை.

நம் முன்னோருக்கு இக்காட்சி புதிதன்று. நம் மாவட்டங்களில் ஊர் எல்லைகளில் நிற்கும் புனித செபஸ்தியார் கெபிகள் பலவற்றின் பின்னே இத்தகைய கொள்ளைநோய்க் காலத்து நேர்ச்சைகள் உண்டு. நாமும் 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின்போது, அண்டை வீட்டுக் கதவைத் தட்டவும் அஞ்சிய நாட்களைக் கண்டவர்கள்தாமே!

நாற்பத்து நான்கு பேர்

ஆகஸ்டு 5ஆம் நாள், பனிமய மாதாவின் திருநாளன்று, தொன் போஸ்கோ தம் பிள்ளைகளை ஒன்றுகூட்டினார். நகரின் நிலையை எடுத்துரைத்தார். நோயாளர்க்கு உதவ முன்வருவோர் யார் என்று கேட்டார். அவர் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவுமில்லை. உடனே 14 பேர் முன்வந்தனர். சில நாட்களில் மேலும் 30 பேர் சேர்ந்துகொண்டனர். ஆக, 44 மாணவர்.

எல்லாரும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பது கருத்தில் கொள்ளத்தக்கது. அடிகளார் அவர்களை மூன்று பிரிவுகளாக்கினார். வயதிலும் உடலிலும் மூத்தவர்கள் நோயகங்களிலும் வீடுகளிலும் முழுநேரம் நோயாளரைக் கவனித்தனர். இரண்டாம் பிரிவினர் தெருக்களில் சென்று, கவனிப்பாரின்றிக் கிடந்த நோயாளரைத் தேடிக் கண்டறிந்தனர். மூன்றாம் பிரிவினர் இல்லத்திலேயே இருந்து, அழைப்பு வந்ததும் புறப்பட ஆயத்தமாயிருந்தனர். ஒவ்வொருவரிடமும் காடி நிறைந்த சிறு குப்பி ஒன்று கொடுக்கப்பட்டது. நோயாளரைத் தொட்ட பின் அதனால் கைகழுவ வேண்டும் என்பது கட்டளை. உணவில் மிதம், மனத்தில் அமைதி, ஆன்மாவில் தூய்மை ஆகியவற்றையும் அடிகளார் வற்புறுத்தினார்.

பிள்ளைகளை வெளியே அனுப்பும் முன் வீட்டையும் அவர் சீர்செய்தார். அறைகள் துப்புரவாக்கப்பட்டன. நெருக்கமாய்க் கிடந்த கட்டில்கள் தள்ளிப் போடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தாமே நோயாளரிடம் போனார். அம்மாதம் 14ஆம் நாள் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்த அலசொனாத்தி அடிகளாருக்குக் கிடைத்த முதற்பணியும் காலரா நோயாளரைப் பேணுவதே. நம் ஊருணித் தாயின் கேள்வியை தூரின் நகரத்துத் தாய் ஒருவர் தொன் போஸ்கோவிடம் கேட்டிருந்தால், அவர் தலைகுனிய வேண்டியிருந்திராது.

மார்கரீத்தா அம்மையாரைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. நோயாளர் பலர் வெறுந்தரையில் கிடந்தனர். போர்த்தத் துணி வேண்டுமென்று பிள்ளைகள் அம்மையாரிடம் ஓடிவருவார்கள். அவர் பெட்டியில் இருந்த விரிப்புகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். பின்னொரு நாள் ஒரு மாணவன் வந்து கேட்டபோது கொடுக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசை விரிப்பை எடுத்துக் கொடுத்தார். அதற்கும் பின்னர்ப் பீடத்துணிகளும் குருவின் வெள்ளங்கிகளும் ஏழைகளின் மேனிக்குப் போர்வையாயின. பீடத்தின் துணியை ஏழையின் மேல் போர்த்துவது அவமதிப்பு ஆகுமோ என்று அந்தப் படிப்பறியாத தாய் கலங்கவில்லை. ஏழையின் உடலும் ஆண்டவரின் பீடமே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குளிர்காலம் தொடங்கியபோது நோய் ஓய்ந்தது. தொண்டாற்றிய பிள்ளைகளுள் ஒருவரையும் காலரா கொண்டுபோகவில்லை. கலியெரோ மட்டும் ஆகஸ்டு மாத இறுதியில் கடுங்காய்ச்சலில் விழுந்தான். அது காலரா அன்று. ஆயினும் மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். இறுதியில் அவன் பிழைத்தெழுந்தான். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அன்னை மரியாளின் அமல உற்பவத்தை விசுவாச சத்தியமாக அறிவித்தார். அத்திருநாளில் வால்தொக்கோ இல்லம் தன் பிள்ளைகள் அனைவரும் உயிரோடிருப்பதற்காக நன்றி செலுத்தியது.

வாக்குறுதியும் வழிமுறையும்

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பாவத்தை விலக்கி, இறையருளில் வாழ்ந்து, மாதாவின் சுரூபத்தை அணிந்துகொண்டால், நோய் உங்களைத் தொடாது என்று தொன் போஸ்கோ அன்று தம் பிள்ளைகளுக்கு வாக்களித்தார். அது நிறைவேறிற்று. அவர் ஒரு புனிதர். நாம் புனிதர் அல்லர். அவருடைய வாக்குறுதியை நாம் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் அவருடைய வழிமுறையை நாம் பின்பற்ற முடியும். அற்புதத்தை எதிர்பார்த்தவர் கட்டில்களை ஏன் தள்ளிப் போட்டார்? காடிக் குப்பியை ஏன் கொடுத்தார்? இறைவன்மேல் நம்பிக்கை வைத்தவர் என்பதனாலேயே அவர் மனிதர் செய்யவேண்டியதில் குறைவைக்கவில்லை.

இன்னொரு செய்தியும் இங்கே பொருத்தமானது. தூரின் நகரத்துப் பிள்ளைகள் நோயாளரைத் தூக்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், இலண்டன் மாநகரின் சோகோ பகுதியிலும் காலரா வெடித்தது. ஆகஸ்டு மாதக் கடைசி இரவில் தொடங்கி, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் அங்கே இறந்தனர். நோய் கெட்ட காற்றினால் பரவுகிறது என்பதே அந்நாளைய மருத்துவர்களின் பொதுக் கருத்து. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் எனக் கண்டார். செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவருடைய முடிவை முதலில் நம்பாமல், வீடு வீடாய்ச் சென்று விசாரித்துப் பின்னர் அதை உறுதிப்படுத்தியவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்பவர். அவர் அப்பகுதி ஆங்கிலிக்கன் கோயிலின் இளம் உதவிக்குரு! தம் மக்களின் வீட்டு வாசல்களை அறிந்த ஓர் உதவிக்குருவால் மருத்துவ அறிவுக்கும் துணைசெய்ய முடிந்தது. அதே 1854இல் பிளாரன்சு நகரில் பிலிப்போ பச்சீனி நுண்ணோக்கியின் வழியே காலராக் கிருமியைக் கண்டார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல் நம் நாட்டின் கல்கத்தா நகரில் ராபர்ட் காக் அக்கிருமியை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். அசுத்தமான தண்ணீரே அதன் வாகனம் என்பதும் தெளிவாயிற்று.

ஆக, வால்தொக்கோ பிள்ளைகளுக்கு நோயின் காரணம் தெரியாது, மருந்தும் இல்லை. காடியின் புளிப்பு காலராக் கிருமிக்கு ஆகாது என்பதை இன்று அறிவியல் சொல்கிறது. அன்று அதை எவரும் அறிந்து செய்யவில்லை. அவர்களிடம் இருந்தவை இரண்டு கைகளும், ஓடிப்போகாத ஒரு மனமும்தான். கைவிடப்பட்டவனின் உதட்டில் தண்ணீர் வைக்க அவை போதுமானவையாய் இருந்தன.

நம் பிள்ளைகளிடமோ அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதுவே அறிவு. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர்மருந்து தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளரின் உறவினர்களே. நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில் சாவு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு லிட்டர் தூய நீர், தேக்கரண்டியால் தலைதட்டிய 6 அளவு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: 1854இல் தூரின் நகர மருத்துவர் ஒருவருக்கும் தெரியாத இம்முறையை இன்று நம் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவி தன் தெருவுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். இதுவும் தொண்டு அல்லவா? இதனால் படிப்புக் கெடுமா, படிப்பு நிறைவுறுமா?

அப்பிள்ளைகள் என்னவாயினர்?

"புள்ளைங்க படிக்க வருதுங்களா, ஊர் வேலை செய்ய வருதுங்களா?" என்று கேட்ட தகப்பனாருக்கு வரலாறு தரும் விடையையும் பார்ப்போம்.

கலியெரோ 1875இல் முதல் சலேசிய மறைபோதகர் குழுவுக்குத் தலைவராய் அர்ச்சென்தீனா நாட்டுக்குக் கப்பலேறினார். 1884இல் ஆயரானார், 1915இல் கர்தினால் ஆனார். சிறந்த இசைப்புலவரும் ஆவார். நோயாளரிடையே சென்ற மாதங்கள் அவருடைய கல்வியைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

சனவரி மாதக் கூட்டத்தில் அமர்ந்திருந்த மற்றொருவரான மிக்கேல் ரூவா, தூரின் ஆயுதத் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஒரு தொழிலாளியின் மகன். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். 1888இல் தொன் போஸ்கோ இறந்த பின் சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் தலைவராயிருந்த காலத்தில்தான், மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, தொமாத்திஸ் அடிகளாரின் தலைமையில் முதல் சலேசியர் நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1906 சனவரி 14ஆம் நாள், பொங்கல் வேளையில், அவர்கள் தஞ்சாவூரை அடைந்தனர். அநாதைப் பிள்ளைகளுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிப்பதே அவர்களின் பணி. வால்தொக்கோ இல்லத்தில் தொடங்கிய அன்புப்பணிப் பயிற்சி அவ்வாறு காவிரிக் கரையை வந்தடைந்தது. ரூவா 1910இல் இறந்தார். 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

நோய் தணிந்துவந்த 1854 அக்டோபர் 29ஆம் நாள், தோமினிக் சாவியோ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவ்வில்லத்தில் சேர்ந்தான். அந்த மூத்த மாணவர்களின் நடுவே வளர்ந்த அவன், 1856 சூன் 8ஆம் நாள் தோழர்களைச் சேர்த்து அமல உற்பவ சபையைத் தொடங்கினான். தனித்து நிற்கும் மாணவனையும் முரட்டு மாணவனையும் நட்பாக்கிக்கொள்வது அச்சபையினரின் கடமைகளுள் ஒன்று. தொலைதூர நாட்டை அவர்கள் தேடவில்லை. அருகில் இருந்தவனையே தேடினர். சாவியோ 1857இல் பதினைந்து வயது நிறையும் முன்பே இறந்தான். 1954இல் புனிதராக உயர்த்தப்பட்டான். ஒரு தலைமுறை மாணவர் செய்த தொண்டு, அடுத்து வந்த மாணவனுக்குப் பாடமாய் அமைந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டு அரசும் இவ்வுண்மையை உணர்ந்தே, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு தொடங்கிய அத்திட்டம் பின்னர் மேனிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சாரணர் இயக்கமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் நம் பள்ளிகளில் உள்ளன. ஆனால் சீருடையும் சான்றிதழும் இருந்தும் உள்ளே தொண்டு இல்லாமற்போகும் இடங்களையும் நாம் கண்டிருக்கிறோம். நிழற்படத்துக்காகச் சேற்றில் இறக்கப்பட்ட பிள்ளைகளை நாமே கண்டோம், நாமே இறக்கினோம்.

பொன்விழா ஆண்டில் நம் கடமை

தூரின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, தொண்டு விருப்பத்தால் வரவேண்டும். 14 பேர் முன்வந்தபோது மற்றவர்களைத் தொன் போஸ்கோ கடிந்துகொள்ளவில்லை. 30 பேர் தாமாக வரும்வரை பொறுத்திருந்தார். மதிப்பெண்ணுக்காகவோ, ஆசிரியருக்கு அஞ்சியோ செய்வது தொண்டாகாது.

இரண்டாவது, ஆயத்தம் முந்தவேண்டும். சனவரியில் பயிற்சி, ஆகஸ்டில் பணி. நமக்கும் அதுவே முறை.

மூன்றாவது, வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற வேலையே கொடுக்கப்படவேண்டும். வீட்டில் காத்திருந்த மூன்றாம் பிரிவினரும் தொண்டர்களே.

நான்காவது, பெரியவர்கள் முதலில் இறங்கவேண்டும். இது நாம் கசப்போடு கற்ற பாடம்.

ஐந்தாவது, பெற்றோரின் சம்மதம் வேண்டும். வால்தொக்கோ பிள்ளைகளுள் பலருக்குக் கேட்பதற்குப் பெற்றோர் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல், எழுத்தில் ஒப்புதல் பெறாமல், ஆசிரியர் உடனில்லாமல் ஒரு பிள்ளையும் பள்ளி வாசலைத் தாண்டாது என்று உறுதி கூறுகிறோம்.

இவ்வடிப்படையில் விழாக் குழு மூன்று பணிகளை ஏற்றுள்ளது. நம் பங்கில் தனித்து வாழும் முதியோரை மாணவர்கள் இருவர் இருவராய், ஆசிரியரோடு வாரம் ஒருமுறை சந்தித்து, அவர்களுக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை, வங்கி ஆகியவற்றின் படிவங்களை ஞாயிறு திருப்பலிக்குப் பின் பள்ளி வராந்தாவில் நிரப்பிக் கொடுப்பர். உப்புச் சர்க்கரை நீர் தயாரிக்கும் முறையையும் கைகழுவும் முறையையும் மழைக்காலம் தொடங்கும் முன் தெருத்தெருவாய்ச் செய்து காட்டுவர். சாதி, சமயம் பாராமல் ஊர் முழுமைக்கும் இப்பணி நடைபெறும். இவற்றுள் பெருமையடிக்க ஒன்றுமில்லை. தெருவில் நோயாளரைத் தேடிய இரண்டாம் பிரிவினரின் பணியைப் போல இவையும் எளியவை.

கூட்டத்தில் கேள்வி எழுப்பிய தகப்பனார், இத்தொண்டுக் குழுவின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்கவேண்டுமென்று நாமே அவர் வீட்டுக்குச் சென்று கேட்டுக்கொண்டோம். சற்றே தயங்கினார். "சரி சாமி, புள்ளைங்க போற தெருவை மொதல்ல நான் ஒரு தடவை நடந்து பாத்துடுறேன்" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நாம் செய்யத் தவறியதை அவர் செய்ய முன்வந்தார். அன்றிரவு நாம் நிம்மதியாய் உறங்கினோம்.

ஐயாயிரம் பேர் பசித்திருந்த பொழுதில், ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஒரு சிறுவனிடம் இருந்தன. நற்செய்தியாளர் நால்வரும் அப்பம் பலுகிய அற்புதத்தை எழுதினாலும், அச்சிறுவனைக் குறிப்பிடுபவர் புனித அருளப்பர் ஒருவரே. ஆண்டவர் அச்சிறுவனின் உணவைப் பயன்படுத்தினார். ஆனால் அவனைப் பசியோடு அனுப்பிவிடவில்லை. எல்லாரும் உண்டு நிறைவடைந்தனர், அவனும் உண்டிருப்பான். பிள்ளைகளின் தொண்டும் அவ்வாறே அமையட்டும். அவர்கள் ஊருக்குக் கொடுக்கட்டும். கொடுத்த பின் நிறைவோடும் நலத்தோடும் தம் தாயிடம் வீடு திரும்பட்டும்.

நம் பங்கின் பொன்விழாவைக் காணும் பெரியோர் அனைவர் மீதும், அடுத்த ஐம்பது ஆண்டுகளைச் சுமக்கப்போகும் நம் பள்ளிச் செல்வங்கள் மீதும் இறையாசீர் நிறைவாய்ப் பொழிவதாக!

— பங்குக்குரு